வகுப்பறைக்குள் லெப்டொப்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சிலர், உயர்தர வகுப்புகளுக்கு லெப்டொப் வாங்கித் தரலாமா என்று வெளிநாட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. கூட்டத்தில் சில, பாடசாலை வாசலில் சில, சந்தையில் மீன் வாங்க நின்ற இடத்தில்கூட இரண்டு. நான் முதலில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலும் பிறகு கிழக்கேயுள்ள எழுவான்கரையிலும் விஞ்ஞானமும் தகவல் தொழில்நுட்பமும் படிப்பித்து வருகிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

"லெப்டொப் குடுத்தா புள்ளை கெட்டிக்காரனாகிடுமா டீச்சர்?"

கையில் கொடுத்ததற்காக மட்டும் ஆகமாட்டான். இதை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டு அரசு கிராமப்புற ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிறிய லெப்டொப் கொடுத்தது. 319 பாடசாலைகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. பதினைந்து மாதத்துக்குப் பிறகு சோதித்தபோது, கணிதத்திலும் மொழியிலும் லெப்டொப் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காத பிள்ளைகளைவிட ஒரு படிகூட முன்னே நிற்கவில்லை. எந்தப் பாடத்தில் எந்த வேலைக்கு அதைத் திறப்பது என்ற திட்டமும், அதற்கேற்ற ஆசிரியர் பயிற்சியும் அங்கே போதுமான அளவு இருக்கவில்லை.

டில்லியில் நடந்தது வேறு. அங்கே பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பாடசாலை விட்டபின் ஒரு நிலையத்துக்கு வரவைத்து, கணினியில் கணிதமும் ஹிந்தியும் படிக்க வைத்தார்கள். அந்த மென்பொருள் முதலில் பிள்ளை எந்த வகுப்பு மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கே விளங்கவில்லை என்றால் அந்த நாலாம் வகுப்பிலிருந்தே தொடங்கும். நாலரை மாதத்தில் இரண்டு பாடத்திலும் தெளிவான முன்னேற்றம். கணிதத்தில் இன்னும் கூட. 2019இல் வெளியான ஆய்வு இது.

இரண்டிலும் இருந்தது கணினிதான். டில்லியில் அது பிள்ளையின் ஓட்டையைத் தேடி அடைத்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே சறுக்குகிறது என்று பார்க்க என்னால் ஏலாது. அந்த வேலையை ஒரு கருவி செய்து தருமென்றால் இரு கை நீட்டி வாங்குவேன்.

ஆனால் டில்லி மாதிரிப் பின்னேர வகுப்பு எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் சரிவராது. படுவான்கரையில் பல ஊர்களில் பொழுதுபட்டால் யானைப் பயம். கடைசி பஸ் போய்விட்டால் நடைதான். மண்டூர்ப் பக்கம் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து போய்வந்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், வீட்டுக்குப் போகும் நேரம் எவ்வளவு பெரிய விசயம் என்று. அந்தப் பிள்ளைகளுக்கு லெப்டொப் தொடக் கிடைப்பது பாடசாலை மணிக்குள் மட்டுமே. அதனால்தான் வகுப்பறைக்குள் இதை எப்படிப் பாவிப்பது என்று இவ்வளவு யோசிக்கிறேன்.

"கொப்பியில எழுதுறதா, லெப்டொப்பில டைப் பண்ணுறதா? எது நல்லம்?"

கேட்டவள் தரம் 12 மாணவி. மகள், நோட்ஸை கையால் எழுது.

2014இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதில் பெயர் போனது. விரிவுரையை லெப்டொப்பில் குறித்தவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அடித்துக்கொண்டு போனார்கள். கையால் எழுதியவர்கள் வேகம் போதாததால் கேட்டதைத் தம் மனதில் சுருக்கி எழுத வேண்டியிருந்தது. ஏன், எப்படி என்ற கேள்விகளில் கையால் எழுதியவர்களே கூடுதலாகச் சரி சொன்னார்கள். ஆனால் 2021இல் வேறொரு குழு அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது, சொல்லுக்குச் சொல் அடிக்கும் பழக்கம் அப்படியே இருந்தது, சோதனைப் புள்ளியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆகவே 'டைப் பண்ணினால் மூளை மங்கும்' என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நான் கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் நம் பரீட்சை. ஓ.எல்லும் ஏ.எல்லும் கையால் எழுதும் பரீட்சைகள். மூன்று மணித்தியாலம் பேனை பிடித்துக் கட்டுரை எழுத விரலுக்குப் பழக்கம் வேண்டும். இரண்டாவது, விஞ்ஞானக் கொப்பியில் பாதி படம். தாவரக் கலத்தை வரைந்து அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதும் பிள்ளை அந்தக் கலத்தை ஒருமுறை தானே கட்டிப் பார்க்கிறது. லெப்டொப்பில் அதே படத்தைச் செய்ய மணிக்கணக்கு ஆகும், அல்லது எங்கிருந்தாவது எடுத்து ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, தமிழ் தட்டச்சு. எங்கள் பிள்ளைகளில் அநேகர் ஆங்கில எழுத்தில் ஒலிப்பை அடித்துத் தமிழை வரவைக்கிறார்கள். 'ல, ள, ழ' மூன்றுக்கும் திரை காட்டும் பட்டியலில் ஒன்றைத் தட்டிவிட்டுப் போவதால் எழுத்துப்பிழை கூடுகிறது. இன்னும் சிலர் வீட்டில் அண்ணன்மார் பாவித்த பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுவருகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய ஒருங்குறியில் (யூனிகோட்) அடிக்கப் பழகுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வாரமே சொல்லிவிடுகிறேன்.

"பக்கத்துப் புள்ளை படம் பாத்தா என்ட புள்ளைக்கு என்ன?"

நிறைய இருக்கிறது. கனடாவில் 2013இல் வெளியான ஆய்வொன்றில், விரிவுரையின் நடுவே லெப்டொப்பில் வேறு வேலையும் பார்த்தவர்கள் சோதனையில் நூற்றுக்கு 11 புள்ளி குறைவாக எடுத்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். அடுத்த முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தான் எதுவும் செய்யாமல், கொப்பியில் ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டு, அப்படியான திரை ஒன்று கண்ணில் படும் இடத்தில் மட்டும் இருந்தவர்கள் 17 புள்ளி குறைவாக எடுத்தார்கள். முன் வாங்கில் ஒருவர் கார்ட்டூன் பார்த்தால் பின் வாங்கில் இருப்பவரின் படிப்பும் போகிறது.

அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் செய்த இன்னோர் ஆய்வு 2017இல் வெளியானது. ஒரே பொருளியல் பாடம். சில வகுப்பில் லெப்டொப்புக்கு அனுமதி, சிலவற்றில் தடை, சிலவற்றில் டெப்லெட்டை மேசையில் படுக்க வைத்துப் பாவிக்கலாம். அனுமதி கொடுத்த இரண்டு வகை வகுப்பிலும் இறுதிப் பரீட்சைப் புள்ளி சிறிது இறங்கியது. கட்டுப்பாட்டில் வளர்க்கப்படும் இராணுவ மாணவருக்கே அந்த நிலை என்றால், பதினாறு வயதுப் பிள்ளையிடம் 'நீயே உன்னைக் கட்டுப்படுத்து' என்று விட்டுவிடுவது நியாயமல்ல. அதனால் என் வகுப்பில் ஒரு பழக்கம்: நான் பேசும்போது எல்லா மூடியும் மூடியிருக்கும். பாதி மூடுவது கிடையாது. திறக்கச் சொல்லும்போது எதற்கு, எத்தனை நிமிடத்துக்கு என்று பலகையில் எழுதிவிடுவேன்.

"அப்ப ஒரு நன்மையும் இல்லையா?"

இருக்கிறது. அமெரிக்கப் பாடசாலைகளில் ஆளுக்கொரு லெப்டொப் கொடுத்த திட்டங்கள் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் எழுதியவர்கள், எழுத்து, கணிதம், விஞ்ஞானம் எல்லாவற்றிலும் சிறியதோர் உயர்வு இருப்பதாகக் கண்டார்கள். சிறியதுதான், ஆனால் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று என் வகுப்பிலேயே எனக்குத் தெரிகிறது.

ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் நான் வேலை செய்திருக்கிறேன். மின்சுற்றைப் படிப்பிக்க ஒரே ஒரு அம்பியர்மானி, அதுவும் ஊசி இறுகிப்போனது. ஓமின் விதியைப் பிள்ளைகள் பாட்டுப்போலப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். பிறகு கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கி இலவசமாகத் தரும் ஃபெட் செயல்விளக்கங்களை இரண்டு லெப்டொப்பில் போட்டுக் கொண்டுபோனேன். சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. மின்கலத்தைக் கூட்டினால் மின்குமிழ் பிரகாசமாவதும், தடையைக் கூட்டினால் மங்குவதும் திரையில் தெரிந்தது. பிள்ளைகள் தாங்களாகவே வயரைக் குறுக்கே போட்டு, நெருப்புப் பற்றுவதைப் பார்த்துக் கத்தினார்கள். குறுஞ்சுற்று என்றால் என்ன என்று அதன்பின் நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புவியியல் ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பு வாவியின் செய்மதிப் படங்களைச் சேமித்து வந்து காட்டினார். 56 கிலோமீற்றர் நீளமான வாவி, அதன் கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஒருவரும் அதை முழுதாகக் கண்டதில்லை. கல்லடிப் பாலம், மண்முனைப் பாலம் என்று விரல் வைத்துக் காட்டி, தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள் இருக்கிறது. வளையியின் மாறிலியை இழுத்து மாற்றினால் வளையி நகர்வது கண் முன்னே தெரியும். கட்டுரையைத் திருத்தி எழுதுவதற்கும் லெப்டொப் நல்லது. கையால் எழுதிய கட்டுரையைத் திரும்ப எழுது என்றால் பிள்ளைக்கு அழுகை வரும். திரையில் ஒரு பந்தியை மேலே கொண்டுபோய்ப் பார்ப்பது விளையாட்டு.

"மூன்று புள்ளைக்கு ஒரு லெப்டொப்பா? ஆளுக்கொண்டு குடுத்தா என்ன?"

எனக்கு மூன்று பேருக்கு ஒன்றுதான் விருப்பம். ஒருவர் விசைப்பலகை, ஒருவர் வாசித்துச் சொல்வது, ஒருவர் கொப்பியில் எழுதுவது. ஒவ்வொரு பாடவேளையும் இடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் ஆண் பிள்ளைகள் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டு பெண் பிள்ளைகளை எழுத விட்டுவிடுவார்கள். இதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். மூவரும் வாய்விட்டுப் பேசித்தான் வேலை நகரும். தனியாக ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பில் அந்தப் பேச்சு வராது.

கரண்டும் ஒரு காரணம். சார்ஜர் ஒன்று 65 வாட் என்று வையுங்கள். நாற்பதை ஒரே நேரத்தில் சொருகினால் 2600 வாட், 230 வோல்ட்டில் 11 அம்பியருக்கு மேலே. 13 அம்பியர் பிளக் ஒன்றின் எல்லைக்குப் பக்கத்தில் போகிறது, மின்விசிறியைக் கணக்கில் எடுக்காமலே. எங்கள் வகுப்பறைகளில் அநேகமாக ஒரு பிளக். அதிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்கு மேல் எக்ஸ்டென்ஷன் போட்டால் வயர் சூடேறும். பதினைந்து லெப்டொப் என்றால் ஆயிரம் வாட்டுக்குள் முடிந்துவிடும்.

"எங்களுக்கு வாங்கிக் குடுக்க வசதியில்ல. என்ட மகளைக் கரச்சல் படுத்துவாங்களா?"

இதைக் கேட்டவர் ஓர் உம்மா, வீட்டில் தையல் வேலை செய்பவர். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூட எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது, இலங்கையில் ஏறக்குறைய ஐந்து வீட்டில் ஒன்றில்தான் கணினி இருந்தது. எங்கள் கிராமங்களில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறிமாறிப் பிடித்தார்கள். 2022இல் ரூபாய் விழுந்து, டொலர் 200இலிருந்து 360க்குப் போனதும் லெப்டொப் விலை கூலி வேலை செய்யும் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத உயரத்துக்கு ஏறியது. இப்படியான காலத்தில், நான் முன்பு இருந்த ஒரு பாடசாலையில், 'இருப்பவர்கள் கொண்டுவரலாம்' என்று அறிவித்தார்கள். கட்டாயம் இல்லை என்றுதான் சொன்னது. இரண்டு கிழமையில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. லெப்டொப் இருந்தவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் சன்னல் பக்கம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை தகவல் தொழில்நுட்பப் பாடம் இருக்கும் நாட்களில் மட்டும் வராமல் விட்டது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வயித்து வலி டீச்சர்" என்றது. தாய் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறிவித்தலுக்கு நானும் கூட்டத்தில் தலையாட்டியிருந்தேன். இனி ஆட்டமாட்டேன்.

ஆகவே என் பதில்: பாடசாலை லெப்டொப் பாடசாலை அலுமாரியில் இருக்க வேண்டும். வகுப்புக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து யாரும் கொண்டுவரத் தேவையில்லை, கொண்டுவரவும் கூடாது. லெப்டொப் இல்லாவிட்டால் செய்ய முடியாத வீட்டுவேலை எதுவும் கொடுக்கக் கூடாது. உங்கள் மகளின் பாடசாலை வேறு மாதிரிச் செய்தால் அதிபரிடம் நேரே போய்க் கேளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நீங்களும் அங்கத்தவர்தான்.

"போன் போதாதா?"

வாசிக்கவும் காணொளி பார்க்கவும் போதும். நீளமாக எழுத, அட்டவணை போட, நிரல் எழுத ஏலாது. வகுப்புக்குள் போன் வேண்டாம். அதன் மூடியை என்னால் மூடச் சொல்ல முடியாது.

"இன்டர்நெட் இல்லாத பாடசாலையில இது வீண்தானே?"

வீணில்லை. இணையம் இல்லாதபோதுதான் என் வகுப்பு நன்றாக நடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை கிவிக்ஸ் என்ற மென்பொருளோடு யூ.எஸ்.பி.யில் ஏற்றி, இணைப்பே இல்லாமல் வாசிக்கலாம். ஜியோஜீப்ரா, எழுதவும் அட்டவணை போடவும் உதவும் லிப்ரே ஆபிஸ், ஃபெட் எல்லாமே இறக்கி வைத்தால் போதும். வீட்டில் டேட்டா இருக்கும் ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இறக்கிக் கொண்டுவந்தால் ஒரு தவணைக்குக் காணும்.

"ஏஐ-கிட்ட கேட்டு ஒப்படை செய்யுறாங்க. நீங்க கண்டுபிடிப்பீங்களா?"

பெரும்பாலும் சொல்லிலேயே தெரிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் தமிழ் விஞ்ஞானத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழ். அவர்கள் 'ஒளிச்சேர்க்கை' என்பது நமக்கு ஒளித்தொகுப்பு. அவர்களின் 'செல்' நமக்குக் கலம், 'ஆக்சிஜன்' நமக்கு ஒட்சிசன், 'மின்தேக்கி' நமக்குக் கொள்ளளவி. இவற்றைப் பிள்ளை எழுதினால் ஆசிரியருக்கு விளங்கும், திருத்தலாம்.

ஒரே சொல் தமிழ்நாட்டில் ஒரு பொருளும் இங்கே வேறு பொருளும் தரும் இடம்தான் ஆபத்து. தமிழ்நாட்டில் 'வேகம்' என்றால் திசை இல்லாத கணியம். திசையோடு சொல்ல 'திசைவேகம்' என்பார்கள். நம் பாடத்திட்டத்தில் திசை இல்லாதது கதி, திசையோடு வருவது வேகம். ஒரு பையன் ஏஐ தந்ததை அப்படியே எழுதி, 'வேகம் ஓர் எண்ணிக் கணியம்' என்று கொண்டுவந்தான். நம் பரீட்சையில் அது பிழை. அவன் தந்த விளக்கம் அங்கே சரி, இங்கே பிழை என்று அவனுக்கு உணர்த்த ஒரு பாடவேளை முழுதும் போனது. அது நல்ல பாடவேளை. அதன்பின் வகுப்பே சேர்ந்து ஒரு சொற்கொப்பி தொடங்கினோம், ஒரு பக்கம் அவர்கள் சொல், மறுபக்கம் நம் சொல். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். அதைச் சொன்னபோது பிள்ளைகள் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதினார்கள்.

ஒப்படையைப் பொறுத்தவரை, வீட்டில் செய்து வந்ததற்குக் குறைந்த புள்ளியும், அதைப் பற்றி வகுப்பில் நான் கேட்கும் இரண்டு வாய்மொழிக் கேள்விக்குக் கூடுதல் புள்ளியும் வைத்திருக்கிறேன். யார் எழுதியது என்று துருவிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. விளங்கியதா என்று பார்ப்பதே என் வேலை.

"என்ட தம்பிக்குக் கண் பார்வை குறைவு. உங்கட 'மூடி மூடு' சட்டம் அவனுக்கும்தானா?"

இல்லை. அவனுக்கு லெப்டொப் எப்போதும் திறந்தே இருக்கட்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. பார்வையற்ற இரண்டு அவுஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது, இலவசம், தமிழும் வாசிக்கும். காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போனைப் போட்டால் மற்றக் காதால் என்னையும் கேட்கலாம். பார்வை கொஞ்சம் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கினாலே போதும். ஆனால் வகுப்பில் அவன் ஒருவனுக்கு மட்டும் லெப்டொப் என்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காக அவனோடு இன்னும் இருவரையும் சேர்த்து அந்த மேசையில் இருத்துவேன்.

"கண் பழுதாகுமா?"

திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால் காய்ந்து எரியும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்த்தால் ஆறுதல். நம் அரைச்சுவர் வகுப்பறைகளில் வெளிச்சம் திரையில் விழுந்து கூசும்; மேசையைத் திருப்பிப் போடுங்கள். இடைவேளைக்குப் பிள்ளைகள் மைதானத்துக்குப் போகட்டும்.

"கனடாவில இருக்கிற மாமா தன்ட பழைய லெப்டொப்பை அனுப்புறாராம். பாடசாலைக்குக் குடுக்கலாமா?"

தாராளமாக. அனுப்ப முன் மூன்று விசயம் சொல்லுங்கள். முதலாவது, தன் கணக்கிலிருந்து வெளியேறி, கடவுச்சொல்லை நீக்கி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கடவுச்சொல் தெரியாத இரண்டு லெப்டொப் ஒரு வருடமாக எங்கள் அலுமாரியில் கிடந்தன. இரண்டாவது, சார்ஜர் கட்டாயம் சேர்ந்து வர வேண்டும். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. பெரும்பாலான சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருக்கும், அது இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். இல்லாவிட்டால் சொருக வேண்டாம்.

மூன்றாவது, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படியானதைத் தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன். விண்டோஸில் மட்டும் ஓடும் என்விடிஏ தவிர, மேலே சொன்ன மற்ற மென்பொருளுக்கெல்லாம் அது காணும். பற்றரி போயிருந்தாலும் பரவாயில்லை, பிளக்குக்குப் பக்கத்து மேசையில் வைப்போம்.

கிடைத்தபின் கடற்காற்று படாத அறையில், மூடிய அலுமாரியில் வையுங்கள். நவம்பரில் மழை தொடங்கினால் கீழ்த் தட்டில் வைக்கவே வேண்டாம். பாவிக்காவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறை திறந்து ஓடவிடுங்கள், உள்ளே ஈரம் தங்காது. சனிக்கிழமை காலையில் நான் பாடசாலையில் இருப்பேன், மாமாவின் லெப்டொப்பை அப்போது கொண்டு வாருங்கள்.